எதிராளி வராத கோப்பை

கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி. ஒரு வருடமாகச் சுவர் மாடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் நின்று, அடுப்புப் புகையெல்லாம் குடித்துக் கறுத்துப் போயிருந்தது அது. சுழற்கோப்பை. மாவட்டக் குத்துச்சண்டையில் எழுபத்தைந்து கிலோ பிரிவில் ஜெயித்தவர் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு, அடுத்த போட்டியன்று கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட வேண்டும். அந்த நாள் வந்துவிட்டது.

“முலாம் போவுது பாரு. விடு புள்ள” என்றான் அரியமுத்து.

“போனா போவட்டும். அழுக்கோட குடுத்தா உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வூட்டுல பொம்பளன்னு ஒருத்தி இருந்தாளா இல்லையாம்பாங்க.”

அரியமுத்து வாசலில் குத்தவைத்து முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு வயது. வலது முழங்கால் காலையில் எழுந்தவுடன் மடங்காது; கொஞ்ச நேரம் கெஞ்ச வேண்டும். சுண்ணாம்புக்கல் குவாரியில் கடப்பாரை பிடித்துப் பிடித்து இடது தோள் காதுக்கு மேலே ஏறுவதை நிறுத்திவிட்டது. மற்றபடி உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கிறவர்களும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவன். கையில் முதன்முதலாகக் கிளவுஸ் மாட்டியது அங்கேதான். குன்னத்துப் பக்கத்துப் பருத்திக் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்துப் பையனை, மேடையில் ஏற்றி, ஆயிரம் பேர் பார்க்க, அடி என்று சொன்னார்கள். அடித்தான். வாங்கவும் செய்தான். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. இருபத்தேழாவது வயதில் ஒரு நாள் பலகையில் ஒட்டிய தாளில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் பெயர் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனை உக்கிராணத்துக்கு மாற்றினார்கள். அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின். கடைசிச் சண்டை எதுவென்று தெரியாமலே அவனுடைய கடைசிச் சண்டை முடிந்துபோயிருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தான், குவாரியில் சேர்ந்தான், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தான். எல்லாம் அதனதன் போக்கில் நடந்தது. ஆனால் பேசாமல் கழற்றி வைத்த அந்தக் கிளவுஸ் மட்டும் மனத்தில் ஓர் ஓரத்தில் கிடந்துகொண்டே இருந்தது.

பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருந்த பஞ்சநாதன் அதே ரெஜிமெண்டில் இருந்தவன். மாவட்டப் போட்டி என்று ஒன்று திருச்சியில் நடக்கிறது, வயதுக்குச் சான்று கேட்பதில்லை, டாக்டர் பார்த்துச் சரி என்றால் போதும் என்று அவன்தான் வந்து சொன்னான். அது முந்தைய வருடம். அரியமுத்து அன்று சாயங்காலமே ஒரு கோணிப்பையில் மணலும் மரத்தூளும் கலந்து கட்டிக் குவாரி ஓரத்துப் புங்கமரத்தில் தொங்கவிட்டான். விடியற்காலையில் அரை டிராயரோடு ரோட்டில் ஓடினான். எதிரில் வந்தவர்கள் எந்த பஸ்ஸை விட்டுவிட்டான் என்று கேட்டார்கள். வெங்காய வண்டிக்காரர் ஒருவர், “ஏறிக்க அரியமுத்து, பெரம்பலூருதான போற” என்று வண்டியையே நிறுத்தினார். ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஓடினால் மூச்சு வாங்கியது, ஓடாவிட்டால் தூக்கம் வரவில்லை.

திருச்சியில் நடந்ததைச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்த எடையில் இருவர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். இன்னொருவன் வரவில்லை. வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை என்றார்கள். கிளவுஸ் மாட்டிக்கொண்டு அரியமுத்து மேடையில் ஏறி நின்றான். மணி அடித்தார்கள். எதிர் மூலையில் ஒரு காலி முக்காலி இருந்தது. ரெப்ரி அவன் கையைத் தூக்கிப் பிடித்தார். நாலு பேர் கை தட்டினார்கள். கோப்பையைக் கொடுத்தார்கள். கூடப் போயிருந்த பஞ்சநாதன், அரியமுத்துவின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவன் கழுத்து வியர்வையைத் துடைத்தான்; அவனுக்கு வியர்க்கவே இல்லை.

ஊரில் அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் பறை அடிக்கிறார்கள். பெரிய தெருவிலிருந்து மாலை வந்தது. காலனிக்காரன் ஒருவன் கழுத்தில் அந்தத் தெருக்காரர்கள் கையால் மாலை விழுந்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் எதிரில் யாரும் வரவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை. அவன் சொல்லாத இடத்தை ஊர் தானே நிரப்பிக்கொண்டது. தஞ்சாவூர்க்காரன் ஒருவனாம், மூன்றே குத்தாம், நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்களாம். டீக்கடையில் இதை அவன் முன்னாலேயே சொன்னார்கள். “அரியமுத்துக்குத் தன்னடக்கம். வாயத் தொறக்க மாட்டான்” என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்சவள்ளிக்கும் பஞ்சநாதனுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். மாடத்தில் அந்தக் கோப்பை இருந்த ஒரு வருடமும் அரியமுத்து அந்தப் பக்கம் திரும்பிச் சாமி கும்பிடவில்லை.

“ஒருத்தன் எதிர்ல நின்னாப் போதும் புள்ள” என்று ஒரு தடவை சொன்னான். “ஜெயிக்க வேணாம். நின்னாப் போதும்.”

“நின்னா அடிப்பான்.”

“அதுக்குத்தான நிக்கறது.”

இந்த வருடம் போட்டி அரியலூருக்கே வந்தது; அன்றைக்கு அதுவும் திருச்சி மாவட்டம்தான். சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் மன்றத்தார் மைதானத்தில் மேடை கட்டித் தருகிறோம் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். சவுக்குக் கட்டையில் நான்கு மூலை, தேங்காய் நார்க் கயிற்றில் வெள்ளைத் துணி சுற்றிய தடுப்பு. மேடைப் பலகைக்கு மேல் வைக்கோல் பரப்பி அதன்மேல் தார்ப்பாய். நடந்தால் சரசரவென்றது.

காலையில் எடை பார்த்தார்கள். அரியமுத்து மஞ்சப்பையிலிருந்து கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தான். அடுத்து ஏறி நின்றவன் செல்லதுரை. செட்டிகுளத்துக்காரன், திருச்சியில் ஆயுதப்படைக் காவலர். இருபத்துமூன்று வயது. சட்டையைக் கழற்றியபோது அம்சவள்ளி பார்த்தாள். இழைப்புளி போட்டு இழைத்து வைத்த மாதிரி இருந்தது உடம்பு. அவள் புருசனைப் பார்த்தாள். பிறகு தராசைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

டாக்டர் அரியமுத்துவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“என்ன வயசுங்க?”

“முப்பத்தஞ்சு சார்.”

“போன வருஷம்?”

“போன வருசமும் முப்பத்தஞ்சுதான் சார்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “தலை சுத்தினா உடனே உக்காந்துடணும். பிடிவாதம் பிடிக்கக் கூடாது.”

அம்சவள்ளி, “ஒரு எட்டு கடத்தெரு வரைக்கும் போய்ட்டு வரேன்” என்று போனாள். வரும்போது நெற்றியில் விபூதி இருந்தது. அவனுக்கும் பூசிவிட்டாள்.

சண்டை மத்தியானத்துக்கு மேல். வெயில் தாழவே இல்லை. மைதானத்தில் ஆலைத் தொழிலாளர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஐஸ்வண்டிக்காரர்கள். அவன் ஊரிலிருந்து ஒரு டிராக்டர் பெட்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், பெரிய தெருக்காரர்கள் உட்பட. “தஞ்சாவூர்க்காரன அடிச்ச கைய்யா, செட்டிகுளத்தான் எம்மாத்திரம்” என்று ஒரு குரல். பெண்களுக்குத் தனியாகக் கயிறு கட்டியிருந்தார்கள். அதில் முதல் வரிசையில் அம்சவள்ளி.

அரியமுத்து மேடை ஏறினான். எதிர் மூலை முக்காலியில் ஆள் இருந்தான். செல்லதுரை எழுந்து இரண்டு கைகளையும் இடித்துக்கொண்டான். அரியமுத்துவுக்குள் பழைய பயம் வந்து உட்கார்ந்தது. பதினாலு வருடமாக அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. வந்ததில் சந்தோஷமாக இருந்தது.

மணி அடித்தது.

பையன் நன்றாக ஆடினான். காலில் வைக்கோல் சத்தமே கேட்கவில்லை. சுற்றி வந்தான், இடது கையை நீட்டினான். அது அரியமுத்துவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போயிற்று. மறுபடி நீட்டினான், மறுபடி தொட்டான். அரியமுத்து உள்ளே நுழைந்து விலாவில் ஒன்று கொடுத்தான், தாடையில் ஒன்று. ஊர்க்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். பையன் தலையை உதறிக்கொண்டு விலகினான். அரியமுத்துவின் இடது தோள் ஏற மறுத்தது. தாடை திறந்து கிடந்தது. இதோ வருகிறது என்று பல்லைக் கடித்தான். வரவில்லை. கை வந்தது, தாடைக்கு முன்னால் வந்து நின்றது, லேசாகத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

முதல் ரவுண்டு முடிந்து முக்காலியில் உட்கார்ந்தான். பஞ்சநாதன் தண்ணீர் ஊற்றினான்.

“பங்காளி, பயலுக்கு ஒண்ணும் தெரியல. பாயிண்டு பூரா நம்ம பக்கந்தான்.”

“அவன் அடிக்கலடா.”

“அடிக்க முடியல.”

“அடிக்கல. மாட்டு மேல ஈ ஓட்டற மாதிரி ஓட்டிட்டுப் போறான்.”

“ஓட்டட்டும். ஒனக்கென்ன வலிக்குது?”

அரியமுத்து அவனை நிமிர்ந்து பார்த்தான். பஞ்சநாதன் துண்டைப் பிழிவதில் மும்முரமானான்.

இரண்டாவது ரவுண்டிலும் அப்படியே நடந்தது. அரியமுத்து வேண்டுமென்றே கையைக் கீழே விட்டு முகத்தைக் காட்டிக்கொண்டு போனான். பையன் பின்வாங்கினான். கயிற்றில் கொண்டுபோய் நெருக்கி, இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தான் அரியமுத்து. அவன் வாய் பையனின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

“என்னடா வெளயாடற?”

“பேசாதீங்கண்ணே. ரெப்ரி பாக்கறாரு.”

“அடிக்கத் தெரியாதா ஒனக்கு?”

“அக்கா வெத்தல குடுத்துட்டாங்கண்ணே.”

ரெப்ரி வந்து இருவரையும் பிரித்துவிட்டார்.

அரியமுத்துவுக்கு விளங்கிவிட்டது. அம்சவள்ளி பிறந்தது திருமானூருக்குப் பக்கத்தில், கொள்ளிடக்கரையில். அந்த ஊர்த் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களும் சிலம்பம் விளையாடுவார்கள். விளையாட்டு என்றுதான் பெயர். மண்டை உடையாமல் முடிந்ததில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம். கம்பு எடுக்கிற அன்று காலையில், வீட்டுப் பெண் போய் எதிராளியிடம் வெற்றிலை பாக்குக் கொடுப்பாள். அவன் வாங்கிக்கொண்டால், அந்த வீட்டு ஆம்பளை மேல் ரத்தம் வருகிற அடி அடிக்கக் கூடாது. கம்பு சுற்றலாம், தொடலாம், அவ்வளவுதான். அம்சவள்ளியின் அம்மா அவள் அப்பாவுக்காக வருடா வருடம் கொடுத்திருக்கிறாள். அதில் ஆம்பளைக்குக் கேவலம் ஒன்றும் கிடையாது. ஆம்பளையைக் கேட்பதும் கிடையாது. குத்துச்சண்டைக்கும் சிலம்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் யோசித்திருக்க மாட்டாள். கடைத்தெருவுக்குப் போனாள், நாலு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் வாங்கினாள், செல்லதுரை தங்கியிருந்த மன்றத்து அறை வாசலில் போய் நின்றாள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

மறுபடியும் நெருங்கிப்போய்க் கட்டிப்பிடித்தான்.

“நான் சொல்றேன். அடி.”

“எங்கம்மாவும் கொள்ளிடக்கரைதாண்ணே. வாங்கிட்டு அடிக்கக் கூடாது.”

“அப்பறம் ஏன்டா வாங்குன?”

“கைய நீட்டிட்டாங்களே. எப்படி வாங்காம இருக்கறது?”

“தின்னுட்டியா?”

“இல்ல. பையில இருக்கு.”

“பிரேக், பிரேக்” என்று ரெப்ரி நடுவில் கையை விட்டார். “என்னய்யா, சம்பந்தம் பேசறீங்களா?”

மணி அடித்தது. ஊர்க்காரர்கள் துள்ளினார்கள். இரண்டு ரவுண்டும் அவனுடையது. மூன்றாவதில் கீழே விழாமல் நின்றால் கோப்பை மறுபடியும் மாடத்துக்குப் போகும். முக்காலியில் உட்கார்ந்த அரியமுத்துவுக்கு உடம்பு பூராவும் அலுப்பு ஏறியது. ஆறு கிலோமீட்டர் ஓடிய அலுப்பு இல்லை இது. கல்லை லோடு ஏற்றி முடித்த பிறகு, லாரி தப்பான லாரி, இறக்குங்கள் என்று சொன்னால் வருமே, அந்த அலுப்பு.

“பஞ்சநாதா. அம்சுகிட்டப் போ.”

“இப்பவா? ஒரு நிமிசந்தான்டா இருக்கு.”

“வெத்தலய திருப்பி வாங்கச் சொல்லு. குடுத்த கைதான் வாங்கணும்.”

பஞ்சநாதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “அது ஏதோ பயந்துகிட்டு செஞ்சிருக்கு. விட்ருடா. ஜெயிச்சாச்சுடா” என்றான்.

“மாட்டேன்னா, இத மட்டும் சொல்லு. இந்த வருசமும் எதிர்ல யாரும் வரலன்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

பஞ்சநாதன் கயிற்றுக்கடியில் குனிந்து ஓடினான். அரியமுத்து இருந்த இடத்திலிருந்தே பார்த்தான். பஞ்சநாதன் குனிந்து சொல்கிறான். அம்சவள்ளி தலையை ஆட்டுகிறாள். மாட்டேன் என்கிறாள். கையால் வேறு ஆட்டிக் காட்டுகிறாள். பஞ்சநாதன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். அவள் தலையாட்டுவது நின்றது. கூட்டத்துக்கு மேலாக மேடையைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கிளவுஸ் மாட்டிய கையால் ஜாடை காட்டவும் முடியாது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள்.

“யாரும்மா அது? இங்க வரக் கூடாது” என்றார் ரெப்ரி மேலிருந்து.

“மேல வரல சார். கீழயே நிக்கறேன்.”

செல்லதுரையின் மூலைக்குப் போனாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து நீட்டினாள்.

“தம்பி, காலைல குடுத்தத குடுத்துடு.”

செல்லதுரை தன் பக்கத்து ஆளிடம் பையைக் காட்டித் தலையசைத்தான். அந்த ஆள் துண்டு, சோப்பு, சீப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேடி, வாடிப்போன வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து, இதையா என்பதுபோல் உயர்த்திக் காட்டினான். முந்தானையில் விழுந்தது. அவள் முடிந்துகொண்டாள்.

“கண்ணுல மட்டும் படாம பாத்துக்க.”

“அத என்னால சொல்ல முடியாதுக்கா.”

“செரி” என்றாள் அம்சவள்ளி. முந்தானை முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். “செரி, ஒன் வேலய நீ பாரு.”

மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு விதி எதுவும் எழுதியிருக்கவில்லை. மணி அடிப்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடித்தார்.

செல்லதுரை எழுந்து வந்த நடையே வேறாக இருந்தது. இரண்டு ரவுண்டைக் கோட்டைவிட்டவன். இந்த மூன்று நிமிடத்துக்குள் ஆளைச் சாய்த்தால்தான் உண்டு. அது அரியமுத்துவுக்கும் தெரியும். பஞ்சநாதனுக்கும் தெரியும். “சுத்து பங்காளி, சுத்து, கிட்டப் போவாத” என்று கத்திக்கொண்டே இருந்தான். அரியமுத்து கிட்டப் போனான்.

முதல் குத்து கன்னத்தில் இறங்கியது. ஒரு மனிதனின் முழு எடையும் காலிலிருந்து கிளம்பித் தோள் வழியாக வந்து தன் முகத்தில் முடிவது எப்படி இருக்கும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. இரண்டாவது வயிற்றில். மூன்றாவதைக் கையில் வாங்கினான். கையே வந்து மூக்கில் இடித்தது. திரும்பக் கொடுத்தான். ஒன்று காற்றில் போயிற்று, ஒன்று தோளில் பட்டது. கால் கனத்தது. குவாரியில் மத்தியான வெயிலில் ஏறுகிற கனம்தான். வாயால் மூச்சு விட்டான். சோடா உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது. பார்த்தால் தார்ப்பாய் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வைக்கோல் வாசனை அடித்தது.

ரெப்ரி விரல் விரலாக எண்ணிக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்கிக் கிடந்தது. காலையில் எழுந்ததும் செய்வது போலவே அதைக் கெஞ்சினான். அது எழுந்தது. கூட்டம் கத்தியது, அவனுக்கா பையனுக்கா என்று தெரியவில்லை.

“முடியுமா?” என்றார் ரெப்ரி.

“முடியும் சார்.”

“நிஜமா?”

“சார், ரொம்ப நாளா நின்னுக்கிட்டிருக்கேன் சார். விடுங்க.”

மறுபடி போனான். பையன் வலது கையைத் தூக்கினபோது விலா தெரிந்தது. அரியமுத்து கீழேயிருந்து வலது கையை எடுத்து அங்கே போட்டான். இடம் சரியாக இருந்தது. செல்லதுரையின் வாயிலிருந்து ‘ஹக்’கென்று காற்று வந்தது, ஒரு கணம் அவன் கண்ணில் பயம் தெரிந்தது. அந்த ஒரு கணத்தை அரியமுத்து நன்றாகப் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு வந்ததை எண்ண முடியவில்லை. கயிறு முதுகில் உரசியது. கை மேலே ஏறவில்லை. ஆனாலும் நின்றுகொண்டிருந்தான். ரெப்ரி நடுவில் பாய்ந்து இரண்டு கைகளையும் ஆட்டி நிறுத்தினார். மணி இன்னும் அடிக்கவில்லை.

செல்லதுரையின் கையைத் தூக்கினார்கள். டாக்டர் வந்து அரியமுத்துவின் கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். “என் வயச விட கம்மிதான் சார்” என்றான். டாக்டருக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. புருவத்தில் பஞ்சை வைத்து ஒட்டினார்.

கிளவுஸைக் கழற்றிய பிறகு செல்லதுரை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, வெலாவுல ஒண்ணு வுட்டீங்க பாருங்க. இன்னும் மூச்சு ஏறல.”

“எந்த வெலா?”

“இந்தப் பக்கம்.”

அரியமுத்து கையை வைத்து அமுக்கிப் பார்த்தான். பையன் முகத்தைச் சுளித்தான். “ஒடையல” என்றான் அரியமுத்து. “ஒரு வாரம் இருமாத. இருமுனா தெரியும்.”

ஊர்க்காரர்களின் டிராக்டர் கிளம்பிவிட்டிருந்தது. பெரிய தெருக்காரர் ஒருவர் போகிறபோது, “மொத ரெண்டு ரவுண்டுலயே பயல முடிச்சிருக்கணும்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர், பொம்பளைகளை இந்த மாதிரி இடத்துக்கு அழைத்துவந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். பெட்டியில் இடம் இருந்தது. ஏறிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. அரியமுத்துவும் எதிர்பார்க்கவில்லை. பஞ்சநாதன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, டீ வாங்கிக் கொடுத்து, பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவனுக்குச் சாமான் வாங்கும் வேலை இருந்ததாம். உண்மையில் அவனுக்குக் கொஞ்சம் அழ வேண்டியிருந்தது என்று அம்சவள்ளி நினைத்தாள்.

பஸ்ஸில் வெங்காய மூட்டையோடு ஒரு பெண்பிள்ளை அடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் அரியமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு தடித்து ஒரு பக்கமாகத் தொங்கியது. பொறுக்க முடியாமல் அம்சவள்ளியிடம் குனிந்தாள்.

“யாரும்மா இந்த மனுசன இப்படிப் போட்டு அடிச்சது?”

“செட்டிகுளத்துத் தம்பி ஒண்ணு.”

“அட பாவி. எடத் தகராறா?”

“அதெல்லாம் இல்லங்க.”

“போலீசுல எழுதிக் குடுக்கறதுதான?”

“அந்தத் தம்பியே போலீசுதான்.”

“அப்ப சொன்னா கேக்கவா போறான்.” அந்தப் பெண் வாயில் விரலை வைத்துக்கொண்டாள். “கொஞ்சம் கைய கால புடிச்சாவது நிறுத்தியிருக்கக் கூடாதா நீயி?”

“நிறுத்தித்தாங்க வச்சிருந்தேன்” என்றாள் அம்சவள்ளி. “அப்பறம் நானே போயி அடிக்கச் சொல்லிட்டு வந்தேன்.”

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூட்டையைத் தன் காலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அரியமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு கிழிந்தது; ஆகவே மூக்கால் சிரித்தான். மூக்கும் வலித்தது. “சிரிக்காதீங்க” என்றாள் அம்சவள்ளி, அவளும் அடக்கிக்கொண்டு. “நாளைக்குக் குவாரிக்கு எப்படிப் போவீங்க?”

“போவலாம்.”

“ஒரு கண்ணு தொறக்கல.”

“கல்லு பெருசாத்தான இருக்கும். ஒரு கண்ணு போதும்.”

கொஞ்ச தூரம் போனதும், “அந்தத் தம்பி கிட்ட வந்து அடிக்கறப்ப ஒங்க மொகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?” என்றாள்.

“எப்படி?”

பதில் வருவதற்குள் அவன் தூங்கிப்போயிருந்தான். வாய் திறந்திருந்தது. ஒரு வருடமாக இப்படி அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் தலை அவள் தோளிலிருந்து நழுவியது. அவள் ஒவ்வொரு தடவையும் எடுத்து வைத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது கண்டக்டர் இரண்டு தரம் விசில் அடித்தார்.

“கொஞ்சம் பொறுங்க. மெதுவாத்தான் எழுப்பணும்” என்றாள் அம்சவள்ளி.